அந்த ஒரு மணி நேரத்தை நான்தான் கொடுக்கவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. இந்தக் கோடையில் ஏ.சி. வாங்கப் போகிறவர்களும், ஏ.சி. மாட்டும் தொழிலில் இருக்கும் என் பிள்ளைகளும் கடைசி வரை படித்துவிடுங்கள். மற்றவர்கள் நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

சித்திரை பிறந்துவிட்டது. வில்லியனூரிலிருந்து பாகூர் வரை எந்தத் தெருவில் போனாலும் மினி வேனிலிருந்து ஏ.சி. பெட்டி இறங்குகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தாலே அது ஊர்ப் பேச்சு. இன்று ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டியவர்கள் எல்லோரும் தவணையிலாவது ஒரு ஏ.சி. வாங்கிவிடுகிறார்கள். நல்லதுதான். நம் ஊர் வெயிலையும் கடல் ஈரத்தையும் தாங்கிக்கொண்டு கிடப்பது பெருமை என்று பேசுகிற ஆள் நான் இல்லை. வயசான உடம்புக்கு அது என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஏ.சி. மாட்டும்போது செம்புக் குழாயை வேக்குவம் பம்பு போட்டு நன்றாக உலர்த்தாமல் கேஸைத் திறக்க விடாதீர்கள். அதற்கு ஆகும் நேரத்தை மாட்ட வருகிற பிள்ளைக்குக் கொடுங்கள். அதற்குரிய கூலியையும் கொடுங்கள்.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்த வாத்தியாருக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த வேலையைச் செய்ய விடாமல் கெடுத்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் மாடியில் ஒரு அறை எடுத்தோம். பின்னால் ஏ.சி. வைக்கலாம் என்று சுவர் பூசும்போதே செம்புக் குழாயை உள்ளே பதித்துவிடச் சொன்னேன். கொத்தனார் பதித்துவிட்டுப் போனார். இரண்டு முனையும் திறந்தே கிடந்தன. நான் பார்த்தேன், எதுவும் தோன்றவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அந்தக் குழாய் அப்படியேதான் இருந்தது.

மறு சித்திரையில் என் பெரியக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தவர். அவருக்காகத்தான் அவசரமாக ஏ.சி. வாங்கினேன். மாட்ட வந்தவன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பை இரண்டு வருஷம் முடித்துவிட்டு ஒரு கடைக்கு வேலை செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, "சார், உங்க வூடா சார் இது!" என்று சிரித்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் ஏ.சி.யைப் போட்டுவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவன் வந்ததே ஒன்பதரைக்கு. இண்டோர், அவுட்டோர் இரண்டையும் மாட்டி முடித்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. குழாயின் முனையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"சார், பைப்பு ரெண்டு பக்கமும் தொறந்தே கெடந்திருக்கு. உள்ள ஈரம் இருக்கும். வேக்குவம் நல்லா போடணும். ஒரு மணி நேரமாவது ஆவும்."

"பத்தரைக்கு ராகு காலம்டா. அக்காவ மேல தூக்கிட்டு வந்தாச்சு. வேற வழி இல்லியா?"

"கேஸ கொஞ்சம் விட்டு காத்த வெளிய தள்ளலாம் சார். ஆனா..."

"அதையே செய். ஊரே அப்படித்தானே மாட்டுது."

அவன் இரண்டு நொடி என் முகத்தைப் பார்த்தான். வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை வாத்தியார் தப்பாகச் சொல்லும்போது பார்க்குமே, அந்தப் பார்வை. பிறகு போய் நான் சொன்னபடி செய்தான். பத்து இருபத்தைந்துக்குக் குளிர்ந்த காற்று வந்தது. அக்கா கண்ணை மூடிச் சிரித்தார். அவன் பையில் இருநூறு ரூபாய் வைத்தேன். வாங்கத் தயங்கினான். வேக்குவம் பம்பு அவன் வண்டிப் பெட்டியிலேயேதான் இருந்தது.

முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு விநோதம். ஒரு மணி நேரம் நன்றாகக் குளிரும், திடீரென்று வெறும் காற்று மட்டும் வரும். அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடி குளிரும். கரண்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஸ்டெபிலைசரை மாற்றினேன். மழைக்காலம் வந்ததும் மறந்துவிட்டேன். அடுத்த வருஷம் அக்னி நட்சத்திரத்தில் கம்ப்ரஸர் நின்றுவிட்டது.

வந்து பார்த்தவர் நம் பாகூர்ப் பக்கத்து ஆள், வளைகுடா நாட்டில் பல வருஷம் இந்த வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். பழைய கம்ப்ரஸரிலிருந்து எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் காட்டினார். தேநீர் டிகாஷன் போலக் கறுத்து, காரமான புளித்த நாற்றம் அடித்தது. "உள்ள தண்ணி போயிருக்கு வாத்தியாரே. ஆசிட் ஆயிட்டுது. மோட்டார் காயில் எரிஞ்சிருக்கு" என்றார்.

வாரண்டியில் கம்ப்ரஸர் வந்தது. ஆனால் அது வருவதற்கு மூன்று வாரம் ஆனது. கேஸ், கூலி, வண்டி வாடகை எல்லாம் என் செலவு. பணம் போனது போகட்டும். அந்த மூன்று வாரமும் அக்காவின் முதுகு வியர்வையில் ஊறிக்கிடந்தது. ஆறிக்கொண்டிருந்த படுக்கைப்புண் மறுபடி பிரிந்தது. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் போட்டு விசிறிக்கொண்டே இருந்தோம். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவர். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இதைவிடப் பெரிய விஷயம் பிறகுதான் தெரிந்தது. கோவில் வாசலில் அந்தப் பையனின் அம்மாவைப் பார்த்தேன். அவர் குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் வந்துவிட்டது. வேலை சரியாகச் செய்யவில்லை என்று கடைக்காரர் அவன் சம்பளத்தில் பிடித்தம் செய்துவிட்டாராம். "அவசரப்படுத்தியது சார்தான்" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். சொல்லவில்லை.

நான் நேராகக் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பிடித்த பணத்தை அவனிடம் கொடுக்கப் போனபோது அவன் வாங்கவில்லை. "புது கம்ப்ரஸர நானே வந்து போடுறேன் சார். இந்த வாட்டி நேரம் குடுங்க" என்றான்.

கொடுத்தேன். நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்று நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கடையிலிருந்து வரும்போதே அவுட்டோர் யூனிட்டுக்குள் கேஸ் நிரப்பி வால்வு மூடியிருக்கும். செம்புக் குழாயிலும் இண்டோர் யூனிட்டிலும் அந்தக் கேஸ் கிடையாது. குழாயில் இருப்பது நம் ஊர்க் காற்றும் அதிலுள்ள ஈரமும். குழாய் மழையில் கிடந்திருந்தால் தண்ணீர்ச் சொட்டே இருக்கும். வால்வைத் திறப்பதற்கு முன் இந்த இரண்டையும் வெளியேற்ற வேண்டும். காற்று தங்கிவிட்டால் அழுத்தம் ஏறும், கரண்ட் அதிகம் இழுக்கும், குளிர் குறையும். தண்ணீர் தங்கிவிட்டால் குளிர்ச்சி தொடங்கும் அந்தச் சின்ன துவாரத்தில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும். என் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடிவிட்டு நின்றது அதனால்தான். அணைத்து வைத்தால் கட்டி உருகும், மறுபடி ஓடும்.

கேஸை விட்டுத் தள்ளினால் காற்றில் பெரும்பகுதி போய்விடும். சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் போகாது. ஈரத் துணியை ஒரு தடவை ஊதிவிட்டால் காய்ந்துவிடுமா?

பம்பை ஓடவிட்டான். சில நிமிஷத்தில் கேஜின் முள் கீழே போய் 30 அங்குலத்துக்குக் கிட்டே நின்றது.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"இல்ல சார். இப்ப காத்துதான் போயிருக்கு. இனிமேதான் தண்ணி போவணும்."

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான். "நீங்க காட்டினதுதான சார். சிரிஞ்சு."

என் மாணவர்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் சூடான தண்ணீரைக் கொஞ்சம் இழுத்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்பக்கத்தை இழுக்கச் சொல்வேன். அடுப்பு இல்லாமலே தண்ணீர் குமிழியிட்டுக் கொதிக்கும். "ஏன்?" என்று கேட்பேன். "அழுத்தம் கொறஞ்சுது சார்" என்று பின்வரிசையிலிருந்து கத்துவீர்கள். கத்தியவர்களில் இவனும் ஒருவன்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில், அதாவது 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில். அழுத்தத்தைச் சுமார் 32 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதிக்கும். 30 டிகிரி நம் ஊரில் சாதாரண வெயில். ஆக, பம்பு தண்ணீரை உறிஞ்சி எடுப்பதில்லை. அழுத்தத்தைக் குறைத்து, குழாய்க்குள்ளேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, அந்த ஆவியை இழுத்து வெளியே விடுகிறது. கொதித்து முடிய நேரம் வேண்டும். ஈரம் அதிகமென்றால் நேரமும் அதிகம்.

அதனால் முள் கீழே போனதும் நிறுத்திவிட்டால் வேலை பாதிதான். சாதாரண கேஜால் மீதிப் பாதியைக் காட்டவும் முடியாது. இந்த ஆழத்தை அளக்க மைக்ரான் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் பாதரசத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான். குழாய் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சாதாரண கேஜில் ஒரு அங்குலக் கோடு என்றாலே 25,400 மைக்ரான். 500-ஐ அதில் எப்படிப் பார்ப்பது? அதற்கு மைக்ரான் கேஜ் வேண்டும். அவன் அன்று ஒரு நண்பனிடம் இரவல் வாங்கி வந்திருந்தான்.

எண் ஓரளவு இறங்கியதும் வால்வை மூடிவிட்டுப் பம்பை நிறுத்தினான். எண் மெல்ல ஏறியது. ஒரு இடத்தில் நின்றது.

"பாருங்க சார். ஏறி நின்னுடுச்சுன்னா உள்ள இன்னும் ஈரம் இருக்கு. நிக்காம ஏறிக்கிட்டே போனா எங்கியோ லீக்கு. ஏறாமலே இருந்தா சுத்தம்."

மறுபடி பம்பைப் போட்டான். மறுபடி நிறுத்தினான். மூன்றாம் தடவைதான் எண் ஏறாமல் நின்றது. அன்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. எனக்கு அது நல்ல பாடவேளையாக இருந்தது. இந்தத் தடவை வாத்தியார் அவன். அந்த ஏ.சி. இன்றுவரை ஓடுகிறது. அக்கா போன வருஷம் தை மாதம் காலமாகும்வரை அதே அறையில்தான் இருந்தார்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன்.

"எங்க வீட்டு ஏ.சி.க்கு வேக்குவமே போடல, பத்து வருஷமா ஓடுது" என்று யாராவது சொல்வீர்கள். ஓடலாம். பழைய ஆர்-22 ஏ.சி.களில் இருந்தது கனிம எண்ணெய். அது ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொண்டது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பொருள் என்பதால் ஆர்-22-ஐ 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஒழித்து வருகிறார்கள். இன்று நாம் வாங்கும் ஏ.சி.களில் பெரும்பாலும் ஆர்-32. அதற்கு உள்ள செயற்கை எண்ணெய் ஈரத்தைக் கண்டால் உப்பு போல இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்ட பிறகு வேக்குவத்தாலும் எளிதில் பிரிக்க முடியாது. சூட்டில் அந்தத் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து அமிலமாகி மோட்டாரை அரிக்கும். புது ஏ.சி.யில் எண்ணெய் அவுட்டோருக்குள் பத்திரமாக அடைபட்டிருக்கிறது. வால்வைத் திறக்கும்வரைதான் நமக்கு வாய்ப்பு. தாத்தா காலத்துப் பழக்கம் இந்த எந்திரத்துக்குச் செல்லாது.

இன்னொன்று, ஆர்-32 தீப்பற்றக்கூடிய கேஸ். சமையல் கேஸ் அளவுக்கு வேகமாக எரியாது, ஆனால் எரியும். காற்றைத் தள்ளுகிறேன் என்று அதை வெளியே விடுவது பக்கத்தில் நிற்கும் பையனுக்கே ஆபத்து. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 675 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அறையைக் குளிர்விக்க ஊரைச் சூடாக்குவானேன்?

மெக்கானிக் பையன்களைத் திட்டுவது சுலபம். "எல்லாம் அரைகுறை" என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். சீசனில் அவர்களுக்கு ஒரு ஏ.சி.க்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு நாளைக்கு எத்தனை மாட்டினாலும் கடைக்காரர் போனில் அடுத்த முகவரியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பம்பு கனமானது. அதை மாடிக்குத் தூக்க வேண்டும். ஏறிவந்தால், "இன்னும் முடியலையா?" என்று வீட்டுக்காரர் நிற்கிறார். பம்பு ஓடும் நேரத்தில் பையன் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறது. நமக்கு உடனே பொறுக்காது. கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குத்தான் நாம் கூலி கொடுத்துப் பழகியிருக்கிறோம்.

2019 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2022-23-க்குள் 1 லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர வேண்டும் என்று இலக்கு வைத்தது. பயிற்சி அவசியம்தான். ஆனால் என் வீட்டுக்கு வந்த பையன் பயிற்சி பெற்றவன். அவன் பம்பும் வைத்திருந்தான். என்ன செய்ய வேண்டும் என்று வாய் திறந்தும் சொன்னான். அத்தனையும் என் ஒரு வார்த்தையில் வீணாகப் போனது. வாடிக்கையாளர் நேரம் கொடுக்கவில்லையென்றால் எந்தச் சான்றிதழும் குழாயை உலர்த்தாது.

அதனால் வீட்டுக்காரர்களே, இவற்றைச் செய்யுங்கள்.

1. வீடு கட்டும்போது குழாய் பதித்தால் இரண்டு முனையையும் அன்றே மூடியோ நசுக்கியோ அடைக்கச் சொல்லுங்கள். அடைக்காமல் கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

2. ஏ.சி. வாங்கும்போதே கடையில் கேளுங்கள்: "வேக்குவம் பம்பு போட்டுத்தானே மாட்டுவீங்க?" அதற்குத் தனிக்கூலி என்றால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

3. மாட்டும் நாளில் பம்புக்கு ஒரு பிளக் பாயிண்ட் ஒழித்து வையுங்கள். நல்ல நேரம் பார்ப்பதென்றால் ஏ.சி. போடும் நேரத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். காலையில் மாட்டி மாலையில் போட்டால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது.

4. பம்பை நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் பொறுத்து முள்ளையோ எண்ணையோ காட்டச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேளுங்கள். சந்தேகப்படுகிற மாதிரி கேட்காதீர்கள். அந்த நேரத்தில் ஒரு டம்ளர் மோர் கொடுங்கள்.

தொழிலில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் சில வார்த்தை.

ஏ.சி.யின் சொந்தக் கம்ப்ரஸரை ஓடவிட்டுக் காற்றை இழுக்காதீர்கள். ஏ.சி.யைக் கழற்றும்போது கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைப்பீர்கள் அல்லவா? அப்போது குழாய் லூசாகி உள்ளே காற்று புகுந்தால் எண்ணெயும் காற்றும் சேர்ந்து நெரிபட்டு டீசல் எஞ்சின் போலப் பற்றிக்கொள்ளும். கம்ப்ரஸர் வெடிக்கும். கம்ப்ரஸரை நிறுத்தாமல் குழாயில் கை வைக்காதீர்கள். லீக் பார்க்க நைட்ரஜனும் சோப்பு நுரையும்தான். பக்கத்து வெல்டிங் பட்டறையில் கிடைக்கிறதே என்று ஆக்ஸிஜனை ஏற்றினால் உயிர் போய்விடும். வளைகுடாவிலிருந்து வந்த அந்த அண்ணன் இவற்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாலைந்து பேர் பணம் போட்டு ஒரு மைக்ரான் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால், அது உங்கள் பழைய வாத்தியாராகவே இருந்தாலும், "முடியாது சார்" என்று சொல்லுங்கள். பள்ளியில் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தேன். பெரியவர்களிடம் மறுத்துச் சொல்ல நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது என் பாடத்தில் விட்டுப்போன பகுதி. இப்போதாவது எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இந்தப் பதிவை அவன் படிப்பான். "தப்பு உன்னுடையது இல்லை தம்பி, என்னுடையது" என்று அவன் முதலாளியிடம் சொன்னேன். இன்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

ஏ.சி. மாட்டப் போகும் உறவினர்கள் யாராவது இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்